பட்டியலும் ஓர் உரையே: கீழையாசிய நூல்களின் நூலகப் பட்டியல் பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு நூலைக் கற்பார்க்கு உரை எத்துணை இன்றியமையாததோ, ஒரு நூலகத்துட் புகுவார்க்கு அதன் பட்டியலும் அத்துணை இன்றியமையாதது. எனினும், உரைகளை நுணுகி ஆராயும் நாம் பட்டியல்களை அங்ஙனம் ஆராய்வதில்லை. அவை எழுத்தர் பணி என்றும், பெயரும் ஆண்டும் குறிக்கும் வெறுங் கணக்கு என்றும் கருதி அமைகின்றோம். இக்கருத்துப் பொருந்துவதன்று. ஒரு நூலை இன்ன பெயரால் வழங்குதல், இன்னாரே ஆசிரியர் எனத் துணிதல், இன்ன வகையுள் அதனை வைத்தல் என்னும் மூன்றும் பொருள்கோள் பற்றிய செயல்களே. அவற்றைச் செய்வோன் உரையாசிரியனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவன். ஆதலின் உரைக்குரிய அளவுகோலையே பட்டியலுக்கும் இடுதல் தகும். நல்லுரை மூலத்தை விளக்கும். மூலம் இருக்கவேண்டிய இடத்தைத் தான் கவர்ந்து கொள்ளாது. இதுவே அவ்வளவுகோல்.

சீன, சப்பானிய, கொரிய நூல்களை மேலை நாட்டு நூலகங்கள், அவற்றுள்ளும் அமெரிக்க நூலகங்கள், பட்டியலிட்ட முறையினை இவ்வளவுகோல் கொண்டு ஈண்டு ஆராய்வாம். மூலத்தின் எழுத்துக்கும் பட்டியலின் எழுத்துக்கும் உள்ள சேய்மை இந்நூல்களில் மிகப் பெரிது. ஆதலின் குறையும் நிறையும் இங்கே தெளிவாகப் புலப்படும்.

1. பகுப்பும் மதிப்பும்

நூல்களைத் தொகுத்து வகைப்படுத்தும் கலை சீனத்தில் மிகத் தொன்மையானது. கி.மு. 26இல் ஆன் மரபுப் பேரரசரின் ஆணைப்படி லியூ சியாங் என்னும் அறிஞர் அரண்மனை நூல்களை ஒப்புநோக்கித் திருத்தும் பணியை மேற்கொண்டார். நூல்தோறும் அதன் ஆசிரியர், பாடநிலை, பயன் ஆகியவற்றைக் கூறும் குறிப்பொன்றும் வரைந்தார். அவர் மகனார் லியூ சின் அப்பணியை நிறைவு செய்து நூல்களை ஆறு வகைப்படுத்தினார். உலகின் பழைய பட்டியல்களுள் ஒன்று பதிப்பாசிரியர் ஒருவரின் மேசையிற் பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பட்டியலும் உரையும் அங்கே ஒரே தொழிலாய் இருந்தன.

பின்னர், மறைநூல், வரலாறு, அறிஞர் கொள்கை, தொகைநூல் என்னும் நால்வகைப் பகுப்பு வழக்கில் நிலைபெற்றது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் எழுந்த சூயி மரபு வரலாற்றின் நூற்பட்டியலில் இதனைக் காண்கின்றோம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சியென்லுங் பேரரசர் ஆணையால் உருவான நாற்கருவூலப் பெருந்தொகையும் இப்பகுப்பினையே தழுவியது. அத்தொகையுட் படியெடுக்கப்பெற்ற நூல்கள் 3,400க்கு மேற்பட்டன. குறிப்பளவில் மட்டும் பட்டியலில் இடம்பெற்றவை 6,000க்கு மேற்பட்டன.

இப்பகுப்பில் கவிதைத் தொகையாகிய 'சீ சிங்' மறைநூல்களுள் ஒன்று. பிற்காலக் கவிஞர் பாடல்களோ தொகைநூல் வகையைச் சார்ந்தன. இஃது அறியாமையால் நேர்ந்ததன்று. அப்பாடல்கள் கன்பூசியசு வழியினரால் ஓதப்பட்டு, உரைபல பெற்று, ஒழுக்கத்துக்கும் அரசியலுக்கும் அடிப்படையாக நின்றன என்னும் மதிப்பீடே அவ்விடத்தை அவற்றுக்கு அளித்தது.

1876இல் வெளிவந்த தியூயி பதின்மப் பகுப்பினுள் இந்நூல்களைப் புகுத்தினால் நேர்வது யாது? 'சீ சிங்' கவிதைப் பகுதிக்குச் செல்லும். கன்பூசியசின் உரையாடல்கள் தத்துவத்துக்குச் செல்லும். 'யீ சிங்' சமயத்தின்பாற் படும். 'இளவேனில் இலையுதிர்' ஆண்டுக் குறிப்புகள் வரலாற்றிற் சேரும். ஈராயிரம் ஆண்டுகளாக ஒருங்கு வைத்து ஓதப்பெற்ற நூற்குழு நான்கு திசையிற் சிதறும். அன்றியும், தியூயி இலக்கியப் பகுதியில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 முதலாகப் பத்து எண்கள் உள. சீன, சப்பானிய, கொரிய இலக்கியங்களோ பிறமொழிகள் என்னும் 890இன் உட்பிரிவாகிய 895இல் ஒடுங்கின. தமிழிலக்கியத்துக்குக் கிடைத்த 894.811 என்னும் எண் அதற்கு அண்டை வீடே. ஆதலின் இவ்வருத்தம் நமக்குப் புதிதன்று.

இந்நிலையில் எழுந்ததே ஆல்பிரடு கைமிங் சியூ அவர்களின் பணி. சீனத்தில் நூலகக் கல்வி பெற்ற அவர் 1927இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் சீன, சப்பானிய நூல்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். ஆர்வர்டு–யெஞ்சிங் நூலகத்தின் தலைவராக 1965வரை விளங்கினார். 1943இல் அவர் வெளியிட்ட பகுப்பு முறை 100 முதல் 999 வரையுள்ள எண்களைச் சீன மறைநூல்களுக்கென்றே ஒதுக்கியது. அதன்பின் தத்துவமும் சமயமும், வரலாறு, சமூகவியல், மொழியும் இலக்கியமும், கலைகள், இயற்கை அறிவியல், வேளாண்மையும் தொழில்நுட்பமும், பொதுநூல்கள் என வகுத்துச் சென்றது. பழம்பகுப்பின் அடிப்படையைக் காத்து, அதன்மேற் புத்தறிவுக்கும் இடங்கண்ட நெறி இது. மூலத்தின் ஒழுங்கினை மூலத்தின்வழி நின்று காட்டும் உரைக்கு இதனை ஒப்பிடலாம்.

எனினும் இதனைக் குறையற்றது எனக் கொள்ளுதல் இயலாது. சியூவின் பகுப்பு தன் பெயரிலேயே 'சீன, சப்பானிய நூல்களுக்கு' உரியது எனக் கூறிக்கொண்டது. கொரியாவுக்கு அப்பெயரில் இடமில்லை. மேலும், பழம்பகுப்பு என்பதனாலேயே ஒன்று நடுவுநிலையுடையதாகிவிடாது. நாற்கருவூலத்தார் பேச்சு வழக்கில் எழுந்த பெருநாவல்களைத் தம் பட்டியலிற் சேர்த்திலர். 'செம்மாடக் கனவு' போன்ற பெருநூலுக்கும் அங்கே இடமில்லை. அத்தொகை உருவான காலத்திலேயே அரசுக்கு ஒவ்வாத நூல்கள் தேடி அழிக்கப்பட்டன. எனவே, உள்நாட்டுப் பகுப்பு நன்று, அயற்பகுப்புத் தீது எனப் பொதுவாக உரைத்தல் பொருந்தாது. எப்பகுப்பும் ஒரு மதிப்பீடே என்பதும், அம்மதிப்பீட்டைப் படிப்போன் அறியுமாறு வைத்தல் வேண்டும் என்பதுமே எம் கருத்து.

சப்பானியரும் கொரியரும் கைக்கொண்ட வழி வேறு. 1929இல் மோரி கியோசி வகுத்த சப்பானியப் பதின்மப் பகுப்பும், 1964இல் வெளியான கொரியப் பதின்மப் பகுப்பும் தியூயியின் பதின்மச் சட்டகத்தை ஏற்றன. ஆயின் இருக்கைகளை மாற்றி அமைத்தன. இரண்டிலும் 910, 810 என்னும் முதல் இலக்கிய எண்கள் முறையே தத்தம் நாட்டிலக்கியத்துக்கே உரியன. கருவியைக் கடன் கொண்டோர் மதிப்பீட்டைக் கடன் கொள்ள வேண்டுவதில்லை என்பதற்கு இவையே சான்று.

2. பெயரும் ஒலியும்

பகுப்பினும் அரிய சிக்கல் பெயரைப் பற்றியது. தாங் காலப் பெருங்கவிஞர் ஒருவர் (கி.பி. 701–762) பெயரை இரண்டு சீன எழுத்துகளால் எழுதுவர். அவ்வெழுத்துகள் சீனத்திலும் சப்பானிலும் கொரியாவிலும் ஒன்றே. ஆனால் அவற்றின் ஒலி ஒன்றன்று. பழைய எழுத்துப்பெயர்ப்பு முறையில் அவர் 'லீ போ'. புதிய முறையில் 'லீ பாய்'. சப்பானியர் வாயில் 'ரிகாக்கு'. கொரியர் வாயில் 'இ பெக்'. 1915இல் எசுரா பவுண்டு வெளியிட்ட 'காத்தே' என்னும் மொழிபெயர்ப்புத் தொகுதி இக்கவிஞரை 'ரிகாக்கு' என்றே குறித்தது. சப்பானிய ஆசிரியர்பால் பயின்ற பெனலோசாவின் குறிப்புகளை அவர் பயன்படுத்தியமையே காரணம். அந்நூலைப் படித்து மகிழ்ந்த மாணவன், கவிஞரின் மூலநூலைத் தேடி உரோமன் எழுத்துப் பட்டியலின் முன் நின்றால், எப்பெயரின்கீழ்த் தேடுவான்? கண்ணுக்கு ஒன்றாய் நிற்கும் பெயர் செவிக்கு நான்காய்ச் சிதறியது. செவிவழிப்பட்ட நான்கனுள் ஒன்றைப் பட்டியல் தலைமைப் பெயராக்கிற்று.

கவிஞரின் குடிப்பெயராகிய அம்முதல் எழுத்தே கொரியாவில் பெருவழக்கினதாகிய ஒரு குடிப்பெயருமாம். அதனைத் தென்கொரியர் 'இ' என்றும், வடகொரியர் 'ரி' என்றும் ஒலிப்பர். தென்கொரியாவின் முதற் குடியரசுத் தலைவர் தம் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால் 'ரீ' என்றே எழுதினார். ஒரே எழுத்து உரோமன் அகரவரிசையின் வெவ்வேறு இழுப்பறைகளில் அடைபட்டமை காண்க.

மறுதலையான இடரும் உண்டு. சீனத் தரமொழியில் தொனி வேறுபாட்டை நீக்கி எண்ணினால் அசைகள் ஏறத்தாழ 400 மட்டுமே, எழுத்துகளோ பல்லாயிரம். ஆகவே தொனிக்குறியின்றி உரோமனில் எழுதப்பெற்ற ஓர் அசை பல சொற்களுக்குப் பொதுவாய் நிற்கும். 'லீ' என்னும் குடிப்பெயருடையோர் ஒரு குடியினர் அல்லர். வெவ்வேறு எழுத்துகளால் எழுதப்படும் குடிகள் பல அவ்வொலியினுள் அடங்கும். மூலத்திற் பலவாயின பட்டியலில் ஒன்றாயின.

சப்பானியப் பெயர்களில் இடர்ப்பாடு இன்னும் நுண்ணியது. ஓர் ஆளின் பெயரெழுத்தைப் பலவாறு படித்தல் அம்மொழியில் இயல்பு. 1162 முதல் 1241 வரை வாழ்ந்த புசிவாரா குடிப் புலவரின் இயற்பெயரைத் 'தெய்க்கா' என்றும் 'சதாயியே' என்றும் படிப்பர். பட்டியலிடுவோன் உரோமனில் எழுதுமுன் ஒரு படிப்பினைத் துணிந்தே ஆகவேண்டும். அத்துணிவு ஓர் உரை. சப்பானிய நூலின் இறுதியேட்டில் ஆசிரியர், பதிப்பகத்தார் பெயர்கள் இடம்பெறுதல் மரபு. 1722ஆம் ஆண்டின் அரசாணை அதனை வற்புறுத்தியது. இக்கால நூல்களில் ஆசிரியர் பெயரின் ஒலிப்பினை அவ்வேட்டிற் சிறுகுறியாகத் தருதலும் உண்டு. சப்பானியத் தேசிய நூலகம் தன் பதிவுகளில் மூலவெழுத்தோடு ஒலிப்பினைக் 'கானா' எழுத்தில் உடன்தருகின்றது. மூலமும் உரையும் அருகருகே நிற்கும் இம்முறையை யாம் நன்முறை என்போம்.

3. எழுத்துப்பெயர்ப்பின் நிலையாமை

மூலவெழுத்து நிலையானது என்றும், உரோமன் வடிவமே ஐயமற்றது என்றும் இரண்டனையும் ஒருங்கே கொள்வாருளர். வரலாறு இரண்டாவது கருத்தை மறுக்கின்றது. சீன நூல்களுக்கு அமெரிக்க நூலகங்கள் நெடுங்காலம் வேடு–சைல்சு முறையைக் கையாண்டன. சீன அரசு 1958இல் பின்யின் முறையை ஏற்றது. காங்கிரசு நூலகம் 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் பின்யினுக்கு மாறியது. அம்மாற்றத்தால், உரோமன் நெடுங்கணக்கின் 20ஆம் எழுத்தால் தொடங்கிய 'தாவோ' என்னும் சொல் 4ஆம் எழுத்தால் தொடங்குவதாயிற்று. மேலே கூறிய சியூ அவர்களின் குடிப்பெயரும் பழைய முறையில் 3ஆம் எழுத்தையும், புதிய முறையில் 17ஆம் எழுத்தையும் முதலாக உடையது. மூலநூலில் ஒரு புள்ளியும் மாறவில்லை, உரைதான் மாறிற்று. நம் தமிழெழுத்தில் 'தாவோ' இருகாலும் 'தாவோ'வே. ஒவ்வோர் எழுத்துமுறையும் தன் செவிக்கேற்பவே அயலொலியைக் கேட்கும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

கொரிய நூல்களின் நிலையும் இதுவே. 1939இல் மக்கூன், ரைசாவர் என்னும் இருவர் வகுத்த முறையை அமெரிக்க நூலகங்கள் அடிப்படையாகக் கொண்டன. தென்கொரிய அரசு 2000ஆம் ஆண்டில் வேறொரு முறையை அறிவித்தது. நூலகங்கள் அதற்கு மாறவில்லை. ஆதலின், தம் நகரத்தின் பெயரை இரண்டாம் உரோமன் எழுத்தால் தொடங்கி எழுதப் பயின்ற புசான் நகரத்து இளைஞர், அயல்நாட்டுப் பட்டியலில் அதனைப் 16ஆம் எழுத்தின்கீழ்த் தேடவேண்டியவராயினர். 15ஆம் நூற்றாண்டிலேயே ஒலிக்கேற்ற எழுத்தொன்றைத் தமக்கென ஆக்கிக்கொண்ட மக்கள், தம் நூலைத் தேடுதற்கு அயலெழுத்தின் இரு முறைகளுக்கிடையே தடுமாறுதல் வருந்தத்தக்கது.

சொற்பிரிப்பு மற்றொரு தொல்லை. சீனரும் சப்பானியரும் சொற்களுக்கிடையே இடம் விட்டு எழுதுதல் மரபன்று. காங்கிரசு நூலகத்தார் பின்யின் முறையில் இடப்பெயர், ஆட்பெயர் முதலியன ஒழிந்த பிறவற்றை அசைதோறும் பிரித்து எழுதினர். வரலாறு என்னும் பொருளுடைய ஒரே சொல் 'லீ', 'சீ' என இரு துண்டாயிற்று. சேர்த்தெழுதப் பயின்றவர் தேடலில் வெறுங்கையோடு மீள நேர்ந்தது. சீர் பிரிக்கும் பிழையாற் பொருள் கெடுதலை அறிந்த தமிழ் மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

4. ஆண்டும் தொகுதியும்

பெயரே அன்றி எண்ணும் உரைவேண்டி நிற்கும். 1961ஆம் ஆண்டு அச்சான நூல்களை எடுத்துக்கொள்வோம். தைப்பேயில் அச்சானது குடியரசு 50 எனக் குறிக்கும். தோக்கியோவில் அச்சானது சோவா 36 எனக் குறிக்கும். சியோலில் அச்சானது தன்குன் ஊழி 4294 எனக் குறித்தல் கூடும். அறுபதாண்டு வட்டத்தின் ஆண்டுப்பெயரை மட்டும் குறிக்கும் பழஞ்சுவடிகளும் பல. அவ்வாண்டுப்பெயர் எவ்வட்டத்துக்குரியது எனத் தாள், அச்சு, அரசர் பெயர் விலக்கு முதலிய அகச்சான்றுகளால் ஆராய்ந்தே துணிதல் வேண்டும். 'பிலவ' ஆண்டு என மட்டும் குறித்த தமிழ் நூல் 1901இல் எழுந்ததோ 1961இல் எழுந்ததோ என ஆராயும் நம்மவர் பணியும் இதுவே.

1869இல் சீனப் பேரரசர் அமெரிக்க அரசுக்கு அளித்த நூல்கள் காங்கிரசு நூலகத்தின் சீனத் தொகுப்புக்கு அடிப்படையாயின. நூல் எனக் கணக்கிட்டால் அவை பத்து. கட்டடத் தொகுதி எனக் கணக்கிட்டால் 900க்கு மேல். இரண்டும் மெய்யே. அன்றியும், பற்பல தனிநூல்களை ஒரு பெயரால் திரட்டிப் பதிப்பிக்கும் வழக்கம் சீனரிடையே பெரிது. தொகுப்பின் பெயரை மட்டும் எழுதி அமையும் பட்டியல் உள்ளிருக்கும் நூல்களைப் புதைத்துவிடும். தொகுப்பைத் திறந்து ஒவ்வொரு நூலுக்கும் தனிப்பதிவு செய்யும் பட்டியலே அவற்றைப் படிப்போன் கையிற் சேர்க்கும்.

5. பொறியும் எழுத்தும்

அட்டைப் பட்டியல் இருந்த காலத்தில் உரோமன் தலைப்பின் கீழ் மூலவெழுத்தினைக் கையாலேனும் எழுத இயன்றது. 1960களில் பொறிவழிப் பட்டியல் தோன்றியபோது அப்பொறி உரோமன் எழுத்தையே அறிந்திருந்தது. மூலம் முற்றும் நீங்கி உரை மட்டும் எஞ்சும் நிலை அணுகியது. இதனை உணர்ந்த கீழையாசிய நூலகத்தார் முயன்று உழைத்தனர். 1983இல் ஆராய்ச்சி நூலகக் குழுமத்தின் வலைப்பட்டியலில் மூவகை எழுத்தும் பதிவு பெறலாயின. உரோமன் வடிவத்தோடு மூலவெழுத்தை இணைத்துக் காட்டும் 880 என்னும் இணைப்புலம் பதிவுகளில் இடம்பெற்றது.

1991இல் எழுந்த ஒருங்குறி மூன்று நாட்டுச் சீன எழுத்துகளையும் ஒரே தொகுதியாக்கியது. முதற்கண் அத்தொகுதியில் 20,902 எழுத்துகள் இடம்பெற்றன. பின்னர் அவ்வெண் 90,000ஐக் கடந்தது. இதனாற் சிக்கல் முடிந்ததா எனின், இல்லை. பறவைநாகத்தைக் குறிக்கும் ஓரெழுத்தினைப் பழைய முறையில் ஒருவாறும், சப்பானியச் சுருக்க முறையில் ஒருவாறும், 1956 முதற் சீனம் மேற்கொண்ட எளிய முறையில் ஒருவாறும் எழுதுவர். பொறிக்கு இவை மூன்றும் வெவ்வேறு எழுத்துகள். மூன்றும் ஒன்றே என்னும் அறிவினைப் பட்டியலறிந்தோர் அதற்கு ஊட்டினாலன்றி, ஒரு வடிவத்தால் தேடுவோன் ஏனைய இரண்டால் எழுதப்பெற்ற நூல்களைக் காணான். எழுத்தைப் பெற்றதனாலேயே புலமை வேண்டாததாகிவிடவில்லை.

6. மறுப்பும் துணிபும்

உரோமன் வடிவத்தை ஆதரிப்போர் கூறும் காரணங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. சீன எழுத்துகளை வரிசைப்படுத்துவதே அரிது. 214 வேர்க்குறிகளும் கீற்றெண்ணிக்கையும் பற்றி அடுக்குவது ஒரு முறை. எழுத்தின் நான்கு மூலைகளை எண்ணாக்கி அடுக்குவது மற்றொரு முறை. இவற்றின் எதிரே 26 எழுத்து வரிசை மிக எளிது. அயல்நாட்டு நூலகத்திற் பணிபுரிவோர் யாவரும் மூவெழுத்தும் அறிந்திருத்தல் இயலாது. பேச்சுமொழி அறிந்து எழுத்தறியாதார்க்கும் உரோமன் வடிவம் கைகொடுக்கும். இவற்றை யாம் ஒப்புகின்றோம். ஆயின் இவை உரை வேண்டும் என்பதற்கே காரணங்கள். மூலம் வேண்டா என்பதற்கு ஆகா. அட்டைகளை வரிசையாக அடுக்க ஒரு நெடுங்கணக்கு இன்றியமையாததாய் இருந்தது. பொறியில் தேடுவோன் வரிசையை நாடுவதில்லை, பெயரையே நாடுகின்றான். அப்பெயர் அவன் கற்ற எழுத்தில் இருத்தல் வேண்டும்.

ஆராய்ந்தவற்றை நம் மொழியோடு பொருத்திக் காண்போம். 1962 முதல் அமெரிக்க உணவுதானிய ஒப்பந்தத்தின் வழியாகத் தமிழ் நூல்கள் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தன. காங்கிரசு நூலகம் தன் பதிவுகளில் மூலவெழுத்தைச் சேர்க்கத் தொடங்கியபோது அவ்வுரிமை சப்பானியம், அரபு, சீனம், கொரியம், பாரசீகம், எபிரேயம், இத்தீசு என்னும் ஏழு மொழிகளுக்கே வாய்த்தது. தமிழ் அவற்றுள் ஒன்றன்று. உரோமன் வடிவத்தில் லகர, ளகர, ழகரங்களைப் புள்ளியும் கோடும் இட்டுப் பிரித்தனர். தேடுவோன் அக்குறிகளை விடுத்தால் வலியும், வளியும், வழியும் ஒன்றாம். சீனக் குடிப்பெயர்கள் 'லீ' என்னும் ஓரொலியுள் மயங்கியதைக் கண்டு இரங்கிய நாம், நம் வீட்டிலும் அதுவே நிகழ்ந்தமை உணர்தல் வேண்டும். மூவகை எழுத்துக்காகக் கீழையாசிய நூலகத்தார் நெடுங்காலம் வாதிட்டு உழைத்தனர். அவ்வுழைப்பே 1983இல் பயன் தந்தது. தமிழுக்கு அங்ஙனம் வாதிட வேண்டியோர் தமிழ்த்துறையினரே.

படிப்போன் காலத்தைக் காத்தல் நூலகத்தின் கடன் என்பதனைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் இருந்த அரங்கநாதன் 1931இலேயே தம் ஐந்து விதிகளுள் ஒன்றாக வகுத்தார். அவ்விதியைக் கொண்டு நோக்கினும் முடிபு ஒன்றே. மூலவெழுத்து முதற்கண் நிற்க. ஒலிப்பு அதன் அருகே நிற்க. வேற்றுப் பெயர்கள் யாவும் அதன்பாற் சென்று சேருமாறு வழிகாட்டப்பெறுக. பகுப்பினைச் செய்தோர் தம் மதிப்பீட்டை மறையாது வைப்பாராக. பட்டியலிடுதலை இலக்கியப் புலமையின் ஒரு துறையாகத் தமிழ்த்துறைகள் ஏற்று, நூலகத்தாரோடு ஒருங்கிருந்து பணிபுரிதல் வேண்டும். எழுதிய எழுத்தில் தன் பெயரைக் காணப்பெறாத நூல், நூலகத்துள் இருந்தும் இல்லாததே என்பது எம் துணிபு.